குடத்தம்மா

"சார், குடத்தம்மாவ மட்டும் தூக்காதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தோட்டக்காரன் கெஞ்சினான். மேலாளர் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

இருநூறு வருஷத்து மாளிகை அது. தோட்டத்தில் சிங்கம், குதிரை, இறக்கை முளைத்த குழந்தை என்று நாற்பத்திரண்டு சிலைகள். இடுப்பில் குடத்தோடு நிற்கும் கல் பெண்தான் குடத்தம்மா. எல்லாச் சிலைகளையும்விட இறுகிப்போனவர் மேலாளர் என்பது வேலையாட்களின் கட்சி. அவருக்கு அவர்கள் வைத்த பெயர் கருங்கல்.

"இடுப்புல விரிசல் விட்டிருக்கு. யார் தலைலயாவது விழுந்தா நீயா பதில் சொல்லுவே? நாளைக்குக் காலைல கிரேன் வருது. ஒரு வாரத்துல சரி பண்ணிக் கொண்டு வந்துடுவாங்க."

"அந்த ஒரு வாரந்தான் சார் பிரச்சினை. எங்கம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு என்ன?"

தயங்கித் தயங்கிச் சொன்னான். அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. சில நாள் மகன் பெயரே வராது. ஆனாலும் தினமும் மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டு வருவதை மட்டும் விடவில்லை. வாசலிலிருந்து நேரே நடந்து, குடத்தம்மாவிடம் இடப்பக்கம் திரும்பினால் மகனுடைய கொட்டகை. அவளுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

"வாசலுக்குப் போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"ஒருநாள் போனேன் சார். 'நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னு அழுதுட்டாங்க. ரெண்டு நாள் சாப்பிடல. இன்னொரு தடவை வழி தவறினா முதியோர் இல்லத்துல சேர்த்துடணும்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்கிறா."

"ஒவ்வொருத்தர் அம்மாவுக்காகவும் சிலைய நிறுத்தி வைக்க முடியுமாய்யா? போ, வேலையப் பாரு."

மறுநாள் கிரேன் வந்தது. குடத்தம்மா சாக்குச் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறிப் போனாள். பீடம் மொட்டையாக நின்றது.

அம்மா வரும் நேரத்தில் அந்த முனையில் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்கலாம், வழி தவறினால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோட்டக்காரன் மனக்கணக்குப் போட்டிருந்தான். சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு மேலாளர் வந்தார்.

"கோடிக் குளத்துல இலை அடைச்சிருக்கு. போய்ச் சுத்தம் பண்ணு."

"சார், ஒரு அரை மணி நேரம்..."

"இப்பவே போகணும். ஒண்ணரைக்கு முன்னாடி இந்தப் பக்கம் தலை காட்டினே, வேலை போயிடும்."

இந்த மனுஷனையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று வயிறெரிந்துகொண்டே போனான். இலையை அள்ளினானா, சேற்றை அள்ளினானா, அவனுக்கே தெரியவில்லை. ஒன்றரை ஆனதும் பின்பக்க வழியாகக் கொட்டகைக்கு ஓடி வந்தான்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படிம்மா வந்தே?"

"எப்பவும் வர்ற மாதிரிதான். குடத்தம்மாகிட்ட திரும்பினேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பாவம்டா, அவளுக்கு மீசை மொளைச்சிருக்கு."

தோட்டக்காரன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

மொட்டைப் பீடத்தின் மேல், கொளுத்தும் வெயிலில், இடுப்பில் பூவாளியை அணைத்தபடி மேலாளர் இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா திரும்பிப் போக வேண்டுமே!