சுகந்தியின் களைப்பு

கோவிட் வந்துபோய் வருடங்களாகியும், குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக்கூட சுகந்திக்குத் தெம்பிருக்காது. பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. "படுத்தே கெடந்தா அசதியாத்தான் இருக்கும்" என்பான் கணவன் கார்வேந்தன்.

சிகிச்சை தொடங்குமுன், நோயாளியின் களைப்பை அப்படியே உணரவைக்கும் கைப்பட்டை ஒன்றை வீட்டார் ஒருவர் அணிந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கார்வேந்தன் சிரித்துக்கொண்டே அந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டான்.

ஜன்னல்வரை நடந்தான். திரும்பி வர முடியவில்லை; சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க பொண்ணு பேரு என்னங்க?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் களைப்பில் அவனுக்கு நினைவு வரவில்லை.

பட்டையைக் கழற்றியதும் அழுதுவிட்டான். "இனிமே நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம் கண்ணு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அதுக்கில்லீங்க" என்றாள் சுகந்தி. "நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போயிப் பாடம் நடத்தோணும். கொஞ்சம் நடப்பேன், கொஞ்சம் உக்காருவேன். நடக்கறப்பத் தடுக்காதீங்க. உக்கார்றப்பத் திட்டாதீங்க. அது போதும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தான்.

அதுவரை வெட்கப்பட்டு ஒதுக்கிவந்த சக்கர நாற்காலியில் அவளே ஏறி உட்கார்ந்தாள். "தள்ளுங்க. இருக்கற தெம்ப சிகிச்சைக்கு வெச்சுக்கறேன்."