மூன்றாவது பெஞ்சில் சிவப்பு

பொற்கொடி டீச்சர் இன்னும் வாயையே திறக்கவில்லை. அதற்குள் மூன்றாவது பெஞ்சில் ஜெசிந்தாவின் மேஜை விளக்கு சிவந்துவிட்டது!

அங்கே உட்கார்ந்திருப்பவர் மூளையில் இடமில்லை என்று அர்த்தம். ஒரு விளக்கு சிவந்தாலும் பாடம் நடத்தக் கூடாது. கடைசி பெஞ்சில் கல்வி அதிகாரி வேறு. இன்றும் பாடம் நின்றால் டீச்சருக்கு டிரான்ஸ்பர்தான்.

டீச்சர் குனிந்தார். "மனசுல என்னத்தடி சுமந்துட்டிருக்கே?"

"பத்தரைக்கு அம்மாவுக்கு போன் பண்ணி மாத்திரை போடச் சொல்லணும் டீச்சர். மறந்துருவேனோன்னு..."

டீச்சர் அதைக் கரும்பலகை மூலையில் பெரிதாக எழுதினார். "நான் ஞாபகப்படுத்தறேன். நீ மறந்துடு."

விளக்கு பச்சையானது. நிம்மதியாகப் பின்னக் கணக்கை ஆரம்பித்தவர் நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் சிவப்பு!

அதிகாரி நெளிந்தார். "போறப்ப தோசை மாவு வாங்கணும் டீச்சர்... அதையும் அந்த மூலையில எழுதிடுங்களேன்."