அண்ணி கொண்டுவந்த கம்பி

பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை அண்ணி அவனுடைய ஆய்வுக்கூட மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். காரின் ஸ்டியரிங் கம்பி. இரண்டாக முறிந்திருந்தது.

அண்ணன் கடைசியாக ஓட்டிய கார்.

"உள்ள பழைய விரிசல் ஏதாவது இருந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பல்கலைக்கழகத்தின் அந்த ஆராய்ச்சி மையத்தில் அவனுக்கு வேலையே அதுதான். ஒரு பொருளை அறுக்காமல், உடைக்காமல் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாலத்துத் தூணோ, கொதிகலன் குழாயோ, விமானத்து இறக்கையோ, எது வந்தாலும் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புவான். அது திரும்பி வருகிற விதத்தை வைத்து எங்கே விரிசல், எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுவான். உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ஜோசியர். அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அண்ணன்தான்.

அண்ணன் போன விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. நேரான சாலை. பட்டப்பகல். எதிரில் ஒரு வண்டி இல்லை. கார் பாட்டுக்கு விலகிப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது. பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள்.

அதோடு நிறுத்தினார்களா? துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். ஒரு வருஷமாகவே ஆள் சரியில்லையாமே. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாமே. வேண்டுமென்றே விட்டிருப்பானோ.

அண்ணி காதிலும் அது விழாமலா இருந்திருக்கும்.

அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கம்பியில் கோளாறு என்றால் அது விபத்து. இல்லையென்றால் ஊர் சொல்வதுதான் உண்மை. வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, ஊர் சொன்னதைத்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான்.

முறிந்த இடத்தை விளக்கடியில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தான். பழைய விரிசல் என்றால் அந்த இடம் கறுத்துத் துருவேறியிருக்கும். இது முழுக்கப் புதிதாகப் பளபளத்தது. மோதிய வேகத்தில் ஒரே அடியில் முறிந்த கம்பி.

மனசு கேட்கவில்லை. கம்பியின் முனையில் ஒலி கடத்தும் பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினான்.

திரையில் ஒரு மேடு எழுந்தது. மறுமுனையில் பட்டுத் திரும்பும் ஒலி அது. எந்த நல்ல கம்பியிலும் வரும். நடுவில் கோடு அசங்காமல் கிடந்தது.

திருப்பி வைத்துப் பார்த்தான். பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு விரிசலுக்காக அவன் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அண்ணி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"இருக்கா?"

அவளுக்குத் திரையில் ஒன்றும் புரியாது. அவன் அந்த மறுமுனை மேட்டின்மேல் விரலை வைத்தான்.

"இருக்கு அண்ணி. இதோ, பழைய விரிசல். முறிஞ்ச இடத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும். ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கம்பி விட்டுப்போச்சு. அண்ணன் கையில ஒண்ணுமே இல்ல."

அந்த மேஜையில் அவன் சொன்ன முதல் பொய் அது. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். இனி அழுவாள். அழுது தீர்த்துவிட்டு, இன்றைக்காவது கொஞ்சம் தூங்குவாள்.

அவள் அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையிலயே சொன்னாரு தம்பி. ஸ்டியரிங் ஏதோ ஆட்டம் காட்டுது, மெக்கானிக்கிட்ட விட்டுட்டு பஸ்ல போறேன்னு. நான்தான், அதெல்லாம் வந்து பாத்துக்கலாம், நேரமாச்சு கிளம்புங்கன்னு விரட்டி அனுப்பினேன்."

ஊர்ப்பேச்சை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. விரிசல் இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

சாகப் போகிறவன் ஸ்டியரிங் ஆடுகிறது என்று கவலைப்படுவானா? மெக்கானிக்கிடம் விடட்டுமா என்று யோசிப்பானா? டயரில் காற்று கொஞ்சம் குறைந்தால்கூட ஸ்டியரிங் ஆடும். ஒரு வருஷமாக ராத்திரித் தூக்கமில்லாத மனுஷன், ஓட்டும்போது ஒரு நொடி கண் அசந்திருக்கலாம். கூடப் பிறந்தவனைப் பற்றி எதை நினைத்துவிட்டோம்.

"அண்ணி, நான் சொன்னது பொய். விரிசலே இல்ல. கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. மோதினப்புறம்தான் முறிஞ்சிருக்கு. சத்தியமா."

சொன்னதோடு நிற்காமல் அலமாரியிலிருந்து புத்தம்புதுக் கம்பி ஒன்றை எடுத்தான். பசை தடவினான். கருவியை வைத்தான். அதிலும் மறுமுனையில் அதேபோல ஒரு மேடு எழுந்தது.

"பாருங்க அண்ணி. புதுசுலயும் வருது பாருங்க."

அவள் பார்க்கவில்லை. முறிந்த துண்டுகளைச் சேர்த்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். அவனுக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பேசினாள்.

"எனக்காகச் சொல்றீங்க தம்பி. உங்க அண்ணனுக்கும் இப்படித்தான், பொய் சொல்லவே வராது."