மொறுமொறுப்பு

மணி ஏழேகால். மருந்துக்கடைச் சீருடையை மாற்றாமலே அம்மா சமையலறை வாசலில் நிற்கிறாள். அப்பாவோடும் அவருடைய புது மனைவியோடும் விடுமுறையைக் கழித்துவிட்டு இன்று திரும்பிய மகள், அடுப்படியைத் தன்வசமாக்கியிருக்கிறாள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்க அம்மா கத்தரிக்கோலை எடுக்கிறாள். "பிரிக்காதம்மா! ஊசியால ஒரு ஓட்டை போட்டு அப்படியே நொறுக்கணும். சித்தி அப்படித்தான் செய்வாங்க." காற்று மெல்லச் சீறி அடங்குகிறது. மகள் டம்ளரால் பாக்கெட்டை அழுத்த, உள்ளே சிப்ஸ் தூளாகிறது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரே தட்டு தட்டி முட்டையை உடைக்கிறாள். "முட்டையத் தொடவே பயப்படுவியே?" "சித்தி உடைக்க விட்டாங்க. நீ எங்க விட்ட?" முட்டையில் தோய்ந்த கோழித்துண்டுகள் தூளில் புரண்டு எண்ணெயில் பொரிகின்றன. பொன்னிறமானதும் மகள் அவற்றை மெல்லிய ரொட்டியில் கோஸோடு வைத்து, முதலில் அடியை மடிக்கிறாள், பிறகு பக்கங்களை. இந்த வீட்டில் யாரும் அப்படி மடித்ததில்லை. அம்மா கடிக்கிறாள். மொறுக்கென்ற சத்தம் அவள் காதுக்கே பெரிதாகக் கேட்கிறது. உப்பாவது கூடியிருக்கும் என்று நிதானமாக மெல்லுகிறாள். கூடவில்லை. மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். "நல்லாருக்குன்னு சித்திக்கு மெசேஜ் போடட்டுமாம்மா?"