கட்டைவிரல் சென்சார்

தங்கைக்காக அவன் செய்துகொண்டிருந்த செயற்கைக் கையின் கட்டைவிரலில் மிளகளவு சென்சார் ஒன்றைப் பதித்தான். பிடி எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை அது கிராமில் காட்டும். நூறு கிராமைத் தாண்டினால் கெட்டுவிடும்.

திங்கட்கிழமை, ஆய்வக மேஜைமேல் சும்மா கிடந்த கை எண்பது கிராம் காட்டியது. மாலைக்குள் சென்சார் கெட்டே போய்விட்டது.

“சின்னதா வாங்கினா இப்படித்தான் சார்,” என்றார் பக்கத்து மேஜை டெக்னீஷியன். “யாரோ கை குலுக்கிட்டுப் போயிருக்காங்க போல.”

ஐந்நூறு கிராம் தாங்கும் சென்சாரை மாட்டினான். புதன்கிழமை அதுவும் போனது.

வீட்டில் தங்கை, தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் கொண்டுபோன வலது கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, அந்தக் கட்டைவிரலை யாரோ பிடிச்சிருக்காங்க. திங்கட்கிழமையிலேர்ந்து. நாளுக்கு நாள் இறுக்குது.”

“இல்லாத கை வலிக்கும்னு டாக்டர்தான் சொன்னாரே. அதுக்குப் போய் பயப்படுவியா?”

“வலின்னா எனக்குத் தெரியாதா? இது பிடிண்ணா.”

விரலுக்குள் அடங்கும் சென்சார்களில் பெரியது ஒரு கிலோ தாங்குவதுதான். அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. அதை மாட்டினான். வெள்ளிக்கிழமை மதியம் திரையில் 990 தெரிந்தது. அவனால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. 995. 998. சட்டென்று பூஜ்யம்.

போன் அடித்தது.

“அண்ணா, விட்டுடுச்சு!” தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். “அப்பாடா, விட்டுடுச்சுண்ணா!”

அவனும் சிரித்தான். மறுமுனையில் அவள் சிரிப்பு நின்றது.

“அண்ணா... இப்ப இடது கையைப் பிடிச்சிருக்கு.”

அவளுக்கு இருந்த ஒரே கையிலிருந்து போன் தரையில் விழும் சத்தம் கேட்டது.