நெய்ப்பந்தக் கணக்கு

அப்போது எங்கள் ஊரில் வீட்டுச் சடங்கெல்லாம் மூன்றாம் வகுப்பின் கணக்குச் செயல்திட்டமாகிவிட்டது. ஆசிரியை கையெழுத்துப் போட்டால்தான் பிணத்தை எடுக்க முடியும். என் கணவரைக் கிடத்தியிருந்தோம், பொழுது சாய்கையில் ஆசிரியை வகுப்போடு வந்து சேர்ந்தார்.

"நெய்ப்பந்தம் பன்னிரண்டு. பிடிக்கப் பேரப்பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"எங்களுக்குப் பிள்ளையே இல்ல, டீச்சர்."

"பூஜ்யத்தால வகுக்கிறது மூணாம் வகுப்புல கிடையாதே!"

மாணவர்களில் ஆறு பேரை அவரே பேரப்பிள்ளைகளாக்கி, ஆளுக்கு இரண்டு பந்தம் கொடுத்தார். விடை சரியாக வந்தது. வகுப்பே கைதட்டியது.

பந்தம் பிடித்த ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "ஆச்சி, தாத்தா பேரு என்ன?"

"ஏட்டி, கணக்குல அதெல்லாம் வராது!" என்றார் ஆசிரியை.

"திரவியம்" என்றேன். கட்டிய நாளிலிருந்து நான் உச்சரிக்காத பெயர்.

தேவையில்லாத கேள்வி கேட்டதற்காகச் சிறுமிக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டு, ஆசிரியை கையெழுத்துப் போட்டார்.