கேட்டவர்: ஒருவர்

அந்தக் கதையை முதலில் கண்டுபிடித்தவள் அமலிதான். இறகு முளைத்த அரசியைப் பற்றி, முகம் தெரியாத ஒருவர் வாரந்தோறும் இலவசமாகச் சொல்லும் ஒலித்தொடர் அது. 'கேட்டவர்: ஒருவர்' என்று அவளை மட்டுமே கைபேசித் திரையில் அது காட்டிய நாளிலிருந்து, தலைத்துணிக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியபடியே கேட்டு வந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாற்பத்திரண்டாம் பகுதி வந்த வாரம், பக்கத்து இருக்கைக் கஸ்தூரி அழுவதைப் பார்த்து மனமிளகி, "இதக் கேளுங்கக்கா, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்று அனுப்பிவிட்டாள்.

கஸ்தூரி கேட்டதோடு நிற்கவில்லை. கதை சொல்பவருக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். அடுத்த வாரமே, அதுவரை பெயரில்லாமல் இருந்த அரசிக்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்துவிட்டார் அவர்.

"எம் பேரச் சொல்றப்ப அவரு குரல் எப்படிக் குழையுது பாத்தியா?" என்றாள் கஸ்தூரி. அமலியின் கத்தரி, நல்ல பனியன் ஒன்றின் கையை நறுக்கிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில், தூக்குப்போசியைத் திறக்காமலே, முதன்முதலாக அவருக்கு எழுதினாள்: "அந்த ராணியக் கொன்னுடுங்க."

உடனே பதில் வந்தது: "வணக்கம். புதுசா கேக்க வந்திருக்கீங்களா? முதல் பகுதியிலிருந்து கேளுங்க. கஸ்தூரிய உங்களுக்கும் பிடிச்சுப்போகும்."